வேண்டுந்தோறும் விளையும் தொடர்கள்: சார்புநெறி நிரலாக்கத்தில் ஒரு நோக்கு

ஹிஜ்ரி 827ஆம் ஆண்டில், அஃதாவது கி.பி. 1424இல், சமர்கந்து நகரில் வாழ்ந்த கணித மேதை ஜம்ஷீத் அல்-காஷீ ‘அர்-ரிஸாலத்துல் முஹீத்திய்யா’ என்னும் நூலை எழுதி முடித்தார். வட்டத்தின் சுற்றளவைப் பற்றியது அந்நூல். கணக்கைத் தொடங்குமுன் அவர் தமக்கு ஒரு வரையறை செய்துகொண்டார். புவியின் விட்டத்தைப் போல் ஆறு இலட்சம் மடங்கு விட்டமுடைய வட்டம் ஒன்றின் சுற்றளவைக் கணித்தாலும், நேரும் பிழை ஒரு குதிரை மயிரின் பருமனுக்கு மேற்படலாகாது என்பதே அவ்வரையறை. அதற்கு எத்தனை பக்கமுடைய பலகோணம் வேண்டும், ஒவ்வொரு படியிலும் எத்தனை இலக்கம் வரை எழுத வேண்டும் என்பவற்றை முதலில் கண்டறிந்தார். 80,53,06,368 பக்கங்கள் வேண்டும் என்பது விடை. பின்னரே கணக்கில் இறங்கினார். அறுபதை அடியாகக் கொண்ட எண்முறையில் ஒன்பது இடங்களுக்கு அவர் கண்ட மதிப்பு, நம் தசம முறையில் பதினாறு இடங்களுக்குச் சரியாக உள்ளது.

எவ்வளவு வேண்டும் என்பதை முன்னரே முடிவு செய்துவிட்டு, அவ்வளவுக்கே உரிய கருவிகளைத் திரட்டிக்கொண்டு செய்யும் கணக்கு இது. காகிதத்திலும் கையிலும் கணித்த காலத்தில் இதனினும் சிறந்த வழி இல்லை. ஆயினும் இம்முறைக்கு ஓர் இயல்பு உண்டு. நாளை ஒருவர் வந்து இன்னும் சில இலக்கங்கள் வேண்டும் என்று கேட்பாராயின், முன் செய்த கணக்கை நீட்ட இயலாது. முதலிலிருந்து மீண்டும் செய்தல் வேண்டும்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்கும் மாணவரும் இந்நிலையிலேயே தொடங்குகின்றனர். முதல் நூறு பகா எண்களைக் காண்க என்று ஆசிரியர் பணித்தால், நூறு அறைகள் கொண்ட ஓர் அணியை ஒதுக்கி, ஒவ்வோர் அறையாக நிரப்பி, நூறு ஆனதும் நிறுத்துகின்றனர். ஆயிரத்தைத் தாண்டும் முதல் பகா எண்ணைக் காண்க என்று அவரே அடுத்துப் பணித்தால், நிரலை உடைத்து வேறொன்று எழுத வேண்டியதாகிறது. எண்களை ஆக்கும் வேலையும், எங்கே நிறுத்துவது என்னும் முடிவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே இதற்குக் காரணம். இவ்விரண்டையும் பிரித்து வைக்க இயலுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

பிரிக்க இயலும் என்பதைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் ஜான் ஹியூஸ் குறிப்பிடத்தக்கவர். சார்புநெறி நிரலாக்கம் ஏன் இன்றியமையாதது என்பதை விளக்கி 1989இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் பாடமாக வைக்கப்படுகிறது. அதில் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று வர்க்கமூலம் காணல். இரண்டின் வர்க்கமூலத்தை 1 என்று முதலில் ஊகித்துக்கொள்வோம். ஊகத்தையும், இரண்டை அவ்வூகத்தால் வகுத்த ஈவையும் கூட்டிப் பாதியாக்கினால் அடுத்த ஊகம் கிட்டும். இவ்வாறு செல்லின் 1, 1.5, 1.416667, 1.414216, 1.414214 எனத் தொடர் நீளும். இத்தொடரை ஆக்கும் சார்புக்கு முடிவே இல்லை. அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளின் வேறுபாடு மிகச் சிறிதானதும் நிறுத்துவது மற்றொரு சார்பின் வேலை. நிறுத்தும் விதியை மாற்ற விரும்புவோர் ஆக்கும் சார்பைத் தொடவேண்டுவதில்லை. வேறொரு கணக்கின் தொடருக்கு இதே நிறுத்தும் சார்பை மாட்டிவிடவும் இயலும்.

கேட்பதற்கு எளிதாகவே உள்ளது. ஆனால் முடிவில்லாத தொடரை ஆக்கும் சார்பை ஒரு கணிப்பொறியிடம் கொடுத்தால், அது முடிவில்லாமல் ஆக்கிக்கொண்டே இராதா? நிறுத்தும் சார்புக்கு முறை எப்பொழுது வரும்?

பெயர் குறித்து

விடை கூறுமுன் பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஒரு கோவையின் மதிப்பை, அது தேவைப்படும் வரை கணிக்காமல் ஒத்திவைக்கும் முறையை ஆங்கிலத்தில் லேசி இவாலுவேஷன் என்பர். சொல்லுக்குச் சொல் வைத்து இதனைச் ‘சோம்பல் மதிப்பீடு’ என்று பெயர்ப்பாரும் உளர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. சோம்பல் என்பது செய்ய வேண்டியதைச் செய்யாமை. ஈண்டு நிகழ்வதோ செய்ய வேண்டாததைச் செய்யாமை. ஆதலின் ‘வேண்டுழி மதிப்பீடு’ என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

ஜெனரேட்டர் என்ற சொல்லும் அத்தகையதே. மின்சாரம் நின்றவுடன் பின்கட்டில் உறுமத் தொடங்கும் பொறியைத்தான் நம் மாணவர்க்கு அச்சொல் நினைவூட்டும். ஓர் உறுப்பை ஈன்றுவிட்டு, மறுமுறை கேட்கும் வரை இருந்த இடத்திலேயே நிற்கும் நிரற்கூறு என்பதே ஈண்டு அதன் பொருள். ‘ஈனி’ என்று சுருக்கமாகக் கூறுவோம்.

பொதியும் அவிழ்ப்பும்

பெரும்பாலான மொழிகளில் ஒரு சார்பை அழைத்தால், அதன் உள்ளீடுகள் முதலில் கணிக்கப்பட்டு, அதன் பின்னரே சார்பு தொடங்கும். எண்களின் தொடரைக் கீழ்வருமாறு வரையறுப்பதாகக் கொள்வோம்.

எண்தொடர்(ந) = கோவை(ந, எண்தொடர்(ந + 1))

கோவை என்பது ஓர் உறுப்பையும் எஞ்சிய தொடரையும் இணைத்து வைக்கும் அமைப்பு. எண்தொடர்(1) என்று கேட்டால், கோவை அமையுமுன் எண்தொடர்(2) கணிக்கப்படல் வேண்டும். அதற்கு முன் எண்தொடர்(3). நினைவகம் தீர்ந்து நிரல் வீழ்வதைத் தவிர வேறு முடிவில்லை. 1976ஆம் ஆண்டில் டேனியல் ஃபிரீட்மன், டேவிட் வைஸ் என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, கோவை தன் உள்ளீடுகளைக் கணித்தலாகாது என்னும் பொருள்பட அமைந்தது. அதே ஆண்டில் பீட்டர் ஹெண்டர்சனும் ஜேம்ஸ் மோரிஸும் வேண்டுழி மதிப்பிடும் பொறியமைவு ஒன்றை விளக்கினர். டேவிட் டர்னர் தம் சாசல் மொழியை அவ்வழியில் மாற்றியமைத்தார். தொடர்களைப் பற்றிய எண்ணம் அதனினும் பழையது. பீட்டர் லாண்டின் 1965இலேயே அதனைக் கூறியுள்ளார்.

இவர்கள் கண்ட வழியின் கரு ஒன்றே. கணிக்க வேண்டியதைக் கணியாமல், எவ்வாறு கணிப்பது என்னும் குறிப்பை மட்டும் பொதிந்து வைத்தல். அப்பொதியை வேண்டும்போது அவிழ்த்தல். அல்கால் 60 மொழியின் தொகுப்பியை அமைத்தவர்கள் இத்தகைய பொதிக்குத் ‘தங்க்’ என்று விளையாட்டாக ஒரு பெயரிட்டனர்; பீட்டர் இங்கர்மன் 1961இல் அதனைக் கட்டுரையாக எழுதினார். உள்ளீடு எதுவும் வேண்டாத ஒரு சார்பே பொதி என்று கருதினும் பிழையில்லை. சார்பை வரையறுப்பதனால் அதன் உடல் இயங்கிவிடுவதில்லை, அழைத்தால்தான் இயங்கும். ஆதலின் வேண்டுழி மதிப்பீட்டை இயல்பாகக் கொள்ளாத எம்.எல்., ஸ்கீம் போன்ற மொழிகளிலும் இதனை அமைத்துக்கொள்ளலாம்.

எண்தொடர்(ந) = கோவை(ந, பொதி[ எண்தொடர்(ந + 1) ])

எடு(0, தொ) = வெற்று
எடு(க, தொ) = கோவை(தலை(தொ), எடு(க − 1, அவிழ்(வால்(தொ))))

இப்பொழுது எண்தொடர்(1) என்றால் 1 என்னும் எண்ணும் அவிழ்க்கப்படாத ஒரு பொதியும் மட்டுமே கிடைக்கும். எடு(3, எண்தொடர்(1)) என்று கேட்டால் 1, 2, 3 வந்து நிற்கும். நிறுத்தும் சார்புக்கு முறை எப்பொழுது வரும் என்று முன்னர்க் கேட்டோம். ஒவ்வோர் அவிழ்ப்புக்கும் இடையில் வரும் என்பதே விடை. ஆக்குவோன் ஓடுவதில்லை, நுகர்வோன் இழுக்கும்போது ஓரடி நகர்கிறான்.

ஒற்றையும் இரட்டையும்

இவ்வளவோடு பல பாடநூல்கள் நிறுத்திக்கொள்ளும். மாணவரும் இவ்வரையறையைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுவர். ஆனால் மேலே உள்ள எடு என்னும் சார்பில் ஒரு குறை மறைந்துள்ளது. அதனைக் காட்ட வேறொரு தொடரை எடுத்துக்கொள்வோம்.

இறங்கு(ந) = கோவை(ந, பொதி[ இறங்கு(ந − 1) ])
மாற்று(செ, தொ) = கோவை(செ(தலை(தொ)), பொதி[ மாற்று(செ, அவிழ்(வால்(தொ))) ])

மாற்று என்பது தொடரின் ஒவ்வோர் உறுப்பின் மீதும் செ என்னும் சார்பைச் செலுத்துவது. மாற்று(வர்க்கமூலம், இறங்கு(4)) என்பது 4, 3, 2, 1, 0 ஆகியவற்றின் வர்க்கமூலங்களோடு தொடங்கும் தொடர். அதில் ஐந்து உறுப்புகளை மட்டும் எடு என்கிறோம். கேட்டது ஐந்து; ஐந்துக்கும் விடை உண்டு. ஆயினும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்! ஐந்தாம் உறுப்பை எடுத்தபின் எடு(0, …) என்னும் அழைப்பு நிகழ்கிறது. எதுவும் வேண்டா என்பதே அதன் பொருள். ஆனால் அழைக்குமுன் உள்ளீடு கணிக்கப்படும் மொழியாதலின், பொதி அவிழ்ந்து ஆறாம் கோவை அமைகிறது. அக்கோவையின் தலை −1இன் வர்க்கமூலம்.

பிலிப் வாட்லர், வாலித் தாஹா, டேவிட் மக்வீன் ஆகிய மூவர் 1998இல் எழுதிய கட்டுரையில் இச்சான்றைக் காணலாம். அவர்கள் காட்டும் மாற்று எளியது. வாலை மட்டும் பொதியாமல், கோவை முழுவதையும் பொதிய வேண்டும்.

எண்தொடர்(ந) = பொதி[ கோவை(ந, எண்தொடர்(ந + 1)) ]

எடு என்னும் சார்பும் இதற்கேற்ப மாறும். எண்ணிக்கை சுழியானால் தொடரைத் தீண்டாமலே வெற்றுக் கோவையைத் தரும்; இல்லையேல் பொதியை அவிழ்த்து, தலையை எடுத்துக்கொண்டு, எஞ்சிய பொதியை அவிழ்க்காமலே அடுத்த அழைப்புக்கு அனுப்பும். இரண்டு உறுப்புடைய தொடரை முதல் முறையில் அமைத்தால் கோவை, பொதி, கோவை, பொதி, வெற்று என ஐந்து அமைப்புகள் உண்டு. இரண்டாம் முறையில் முன்னே ஒரு பொதி சேர்ந்து ஆறு. எத்தனை உறுப்பாயினும் முன்னது ஒற்றை எண், பின்னது இரட்டை எண். ஆதலின் இவற்றை ஒற்றைமுறை, இரட்டைமுறை என்றனர். ஆங்கிலத்தில் ஒற்றை எண்ணைக் குறிக்கும் சொல்லுக்கு விநோதம் என்ற பொருளும் உண்டு. அதனை வைத்துத் தம் கட்டுரைத் தலைப்பிலேயே அவர்கள் சிலேடை ஆடியுள்ளனர். சிலேடை நம் புலவர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

ஓ-கேமல் மொழியின் நூலகத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட தொடர்த் தொகுதி இரட்டைமுறையில் அமைந்தது. ஹாஸ்கல் மொழியில் இத்தொல்லையே எழுவதில்லை. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கூடிய அறிஞர்கள் தொடங்கிய முயற்சியால் உருவாகி, 1990இல் முதல் அறிக்கை வெளியான அம்மொழியில் எல்லாமே வேண்டுழி மதிப்பிடப்படுவன. எழுதுவோர் பொதி என்று எங்கும் குறிக்க வேண்டுவதில்லை. அதனாலேயே ஹாஸ்கலை மட்டும் கற்றவர்க்கு, மதிப்பீடு எவ்விடத்தில் நிகழ்கிறது என்னும் வினாவே தோன்றாமற் போவதுண்டு. முதலில் ஸ்கீமிலோ எம்.எல்.லிலோ பொதியைக் கையால் கட்டி அவிழ்த்துப் பார்த்தபின் ஹாஸ்கலுக்குச் செல்வதே நன்று என்பது நம் கருத்து.

அவிழ்த்ததை நினைவில் வைத்தல்

ஒரே பொதியை இருமுறை அவிழ்த்தால் என்ன நேரும்? மேற்கண்ட எளிய அமைப்பில் கணக்கும் இருமுறை நிகழும். சிறிய தொடராயின் இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் 0, 1, 1, 2, 3, 5, 8 என முன்னிரண்டின் கூட்டுத்தொகையாய் வளரும் தொடரை நோக்குக. ஐரோப்பாவில் 1202இல் ஃபிபொனாச்சியின் நூலால் பரவிய இத்தொடர், அதற்கு முன்னரே வடமொழி யாப்பியலாராகிய ஹேமசந்திரர் சந்த அளவுகளை எண்ணும்போது கண்டதாகும். இதனை ஒரு தொடராக வரையறுப்பது அழகியது. முதலில் 0, அடுத்து 1, அதன்பின் இத்தொடரையும் இத்தொடரின் வாலையும் உறுப்புக்கு உறுப்பு கூட்டியது. தொடர் தன்னைக் கொண்டே தன்னை வரையறுத்துக்கொள்கிறது.

அழகுக்குக் குறைவில்லை, வேகத்துக்கு உண்டு. தொடர் தன்னை இரண்டிடத்தில் பயன்படுத்துகிறது. அவ்விரண்டும் தத்தமக்குள் மேலும் இரண்டிடத்தில் பயன்படுத்துகின்றன. இவ்வாறு கிளைத்துச் செல்லும் கணக்கில் 832040 என்னும் உறுப்பை அடையப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டல்கள் தேவைப்படும். அவிழ்த்த பொதி தன் விடையை நினைவில் வைத்துக்கொள்ளுமாயின் 29 கூட்டல்கள் போதும்.

நினைவில் வைக்கும் பொதியை அமைப்பது கடினமன்று. ஓர் அறையில் முதலில் குறிப்பை வைக்க வேண்டும். முதன்முறை அவிழ்க்கும்போது கணித்து, குறிப்பை நீக்கிவிட்டு அவ்விடத்தில் விடையை வைத்துவிட வேண்டும். அடுத்து அவிழ்ப்போர்க்கு விடையே கிட்டும். கிறிஸ்டோபர் வாட்ஸ்வொர்த் 1971இல் ஆக்ஸ்போர்டில் அளித்த ஆய்வேட்டில் இக்கருத்தை நிறுவினார். ஓர் அறையின் உள்ளடக்கத்தை மாற்றுவது சார்புநெறிக்கு முரணன்றோ என்று வினவலாம். முரணன்று, ஏனெனில் அம்மாற்றத்தை வெளியிலிருந்து எவரும் அறிய இயலாது. குறிப்பு எப்பொழுது கணிக்கப்படினும் விடை ஒன்றே. இந்த ‘எப்பொழுது கணிக்கப்படினும்’ என்பதிலேதான் வேண்டுழி மதிப்பீட்டின் உயிர் உள்ளது. குறிப்புக்குள் கோப்பைப் படித்தல், கடிகாரத்தைப் பார்த்தல், திரையில் எழுதுதல் போன்றவை புகுந்தால், எப்பொழுது என்பது விடையை மாற்றிவிடும். ஒத்திவைத்தல் தூய சார்புகளுக்கே பொருந்தும்.

அல்-காஷீ கணித்த அதே எண் இத்தகைய தொடராக அண்மைக் காலத்தில் மீண்டும் தோன்றியது. ஸ்டான்லி ராபினோவிட்ஸ், ஸ்டான் வேகன் ஆகியோர் 1995இல் வட்ட விகிதத்தின் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாய் வெளியிடும் செய்முறை ஒன்றைத் தந்தனர். ஆனால் எத்தனை இலக்கம் வேண்டும் என்று அதற்கும் முன்னரே கூறியாக வேண்டும். ஆக்ஸ்போர்டைச் சார்ந்த ஜெரமி கிப்பன்ஸ் 2006இல் அக்கட்டுப்பாட்டை நீக்கினார். அவருடைய நிரல் ஹாஸ்கலில் எழுதப்பட்ட முடிவிலாத் தொடர். நான்கு முழுவெண்கள் அதன் நிலையைக் காக்கின்றன. வாய்பாட்டின் ஓர் உறுப்பை உட்கொண்டு அந்நான்கையும் திருத்துகிறது. இனி வரும் உறுப்புகள் எவையாயினும் அடுத்த இலக்கம் மாறாது என்பது உறுதியானால் அவ்விலக்கத்தை வெளியிடுகிறது. உறுதியாகாவிடில் மேலும் ஓர் உறுப்பை உட்கொள்கிறது. பத்து இலக்கம் கேட்டவர் நாளை பதினொன்றாவதைக் கேட்டால், நின்ற இடத்திலிருந்தே தொடரலாம். இதற்கும் விலை உண்டு. அந்நான்கு முழுவெண்களும் ஓயாது பெருத்துக்கொண்டே செல்வதால், இலக்கம் ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தாமதித்தே வரும்.

ஈன்று நிற்றல்

இதுவரை கண்டவை தொடரை ஒரு பொருளாகக் கருதியவை. ஈனியின் வழி வேறு. அதனை எழுதுவோர் வழக்கமான செயல்முறையைப் போலவே எழுதுவர். இடையில் ஓர் உறுப்பை ஈன்றவுடன் செயல்முறை உறைந்து நிற்கும். மறுமுறை கேட்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். மெல்வின் கான்வே 1963இல் எழுதிய இணைநடைக் கூறுகள் இதற்கு முன்னோடி. பார்பரா லிஸ்கோவும் அவர் குழுவினரும் 1970களில் அமைத்த க்ளூ மொழியிலும், ரால்ஃப் கிரிஸ்வோல்டின் ஐகான் மொழியிலும் இவ்வசதி இடம்பெற்றது. 2001இல் வெளியான பைத்தான் 2.2 பதிப்பின் வழியே பலரும் அறிந்த ஒன்றாயிற்று.

அடுத்த உறுப்பைக் கேட்கும் கட்டளைக்குத் தமிழில் எச்சொல் தகும்? ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒரு பொருளனபோல் தோன்றினும், இழிந்தோன் உயர்ந்தோனிடம் கேட்குங்கால் ஈ என்றும், ஒப்போன் கேட்குங்கால் தா என்றும், உயர்ந்தோன் கேட்குங்கால் கொடு என்றும் தொல்காப்பியர் வேறுபடுத்துவார். கான்வேயின் அமைப்பில் ஆக்கும் கூறும் நுகரும் கூறும் ஒப்பானவை. ஒன்று மற்றொன்றுக்கு அடிமையன்று. ஆதலின் தா என்பதே பொருந்தும். பைத்தானின் ஈனி தன்னை அழைத்தவர்க்கு மட்டுமே விடை கூறுவது. அங்குக் கொடு என்பது தகும்போலும்.

சார்புநெறி மொழியில் ஈனியை எவ்வாறு அமைப்பது? ஒரு மரவமைப்பின் இடக்கிளை, நடு, வலக்கிளை என்னும் முறையில் உறுப்புகளை ஈனவேண்டும் என்க.

நடை(வெறுமரம்) = முடிவு
நடை(கிளை(இட, நடு, வல)) = நடை(இட) ; ஈன்(நடு) ; நடை(வல)

ஈன் நிகழும்போது, அதற்குப் பின் செய்ய வேண்டியவை யாவும் அப்படியே பிடித்து வைக்கப்பட வேண்டும். அதனை ‘எஞ்சியது’ என்போம். எஞ்சியதை ஒரு பொதிக்குள் இட்டு, நடுவோடு கோவையாக்கினால் முன்னர்க் கண்ட தொடரே கிட்டும். 2022 டிசம்பரில் வெளியான ஓ-கேமல் 5.0 பதிப்பில் எஞ்சியதைப் பிடிக்கும் வசதி மொழியிலேயே வந்துவிட்டது. அவ்வசதி இல்லாத மொழியில் எஞ்சியதை நாமே ஓர் உள்ளீடாக ஏந்திச் செல்லலாம்.

நடை(வெறுமரம், பின்) = அவிழ்(பின்)
நடை(கிளை(இட, நடு, வல), பின்) = நடை(இட, பொதி[ கோவை(நடு, பொதி[ நடை(வல, பின்) ]) ])

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஈனியும் வேண்டுழித் தொடரும் வெவ்வேறல்ல என்பது விளங்கும். ஒன்றில் எஞ்சியது மொழியால் மறைக்கப்படுகிறது. மற்றொன்றில் கண்முன் நிற்கிறது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஓ-கேமல் பிடித்துத் தரும் எஞ்சியதை ஒருமுறை மட்டுமே தொடரலாம். மறுமுறை தொடர முயன்றால் பிழை எழும். ஆதலின் அவ்வாறு பெற்ற தொடரை இருமுறை நடக்க இயலாது. நினைவில் வைக்கும் பொதியால் அதனைப் போர்த்தினால் இத்தடை நீங்கும். அதற்குரிய சார்பும், ஒருமுறைக்குமேல் நடக்க விடாது காக்கும் மற்றொரு சார்பும் 2022இல் 4.14 பதிப்பில் சேர்க்கப்பட்டன.

காலத்தாழ்வின் விலை

தமிழ்த்துறை மாணவர் ஒருவர் சீறாப்புராணத்தின் 5027 விருத்தங்களையும் ஒரு கோப்பில் தட்டச்சிட்டு வைத்து, ‘நபி’ என்னும் சொல் பயிலும் முதல் பத்து இடங்களைத் தேட விரும்புகிறார் என்று கொள்வோம். ஹாஸ்கலில் கோப்பின் உள்ளடக்கத்தை எழுத்துகளின் தொடராகப் பெறலாம். தொடரை அடிகளாகப் பிரித்து, சொல் உள்ளவற்றை வடித்து, பத்தை எடுக்கச் சொன்னால், பத்தாவது கிட்டியதும் படிப்பு நின்றுவிடும். கோப்பு பன்மடங்கு பெரிதாயினும் நினைவகம் நிரம்புவதில்லை. இதுகாறும் நன்மையே.

அம்மாணவர் ஒழுங்கானவர், திறந்த கோப்பை உடனே மூடிவிடும் பழக்கமுடையவர். கோப்பைத் திற, உள்ளடக்கத்தைப் பெறு, கோப்பை மூடு, பின்னர்த் தேடு என்று எழுதுகிறார். பெறு என்ற இடத்தில் பெறப்பட்டது ஒரு பொதி மட்டுமே. அதனை அவிழ்க்கும்போது கோப்பு மூடிக் கிடக்கிறது. பழைய தொகுப்பிகளில் இதற்கு விடை வெற்றுரை. அஃதாவது சீறாப்புராணத்தில் ‘நபி’ என்னும் சொல்லே இல்லை என்று நிரல் அமைதியாகக் கூறிவிடும்! பின்னர் வந்த தொகுப்பிகள் பிழைச்செய்தி தருகின்றன. இஃது எவ்வளவோ மேல். நிரல் வீழ்ந்தால் திருத்திக்கொள்ளலாம். தவறான விடையை நம்பி ஆய்வேடு எழுதிவிட்டால் என் செய்வது?

நினைவகத்தைப் பற்றியும் கூற வேண்டும். எண்களின் தொடர் ஒன்றின் சராசரியைக் காணக் கூட்டுத்தொகையை உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். கூட்டும்போது தொடர் முழுவதும் அவிழ்கிறது. எண்ணிக்கையைக் காணும் சார்பு இன்னும் தலையைப் பற்றிக்கொண்டு காத்திருப்பதால், அவிழ்ந்த உறுப்பு ஒன்றையும் நினைவகம் விடுவிக்க இயலாது. ஒவ்வொன்றாக வந்து மறைய வேண்டிய ஒரு கோடி உறுப்புகள் ஒருங்கே குவிந்து நிற்கும். இரண்டையும் ஒரே நடையில் கணிப்பதே தீர்வு. அப்பொழுதும் கூட்டுத்தொகையாகிய அறையில் எண் இராமல் ‘இதனோடு இதைக் கூட்டுக’ என்னும் பொதிகள் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கப்படலாம்; ஒவ்வோர் அடியிலும் உடனே கணிக்கும்படி வற்புறுத்த வேண்டும். வேண்டுழி மதிப்பீட்டைப் பயன்படுத்துவோர், எங்கே அதனை விலக்குவது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒலெக் கிஸெல்யோவ், சைமன் பெய்டன் ஜோன்ஸ், அமர் சப்ரி ஆகியோர் 2012இல் எழுதிய கட்டுரை இவ்விரு வழிகளையும் நேர்நிறுத்தி ஆராய்ந்து, கோப்பு, வலையிணைப்பு போன்ற புறவுலகத் தொடர்புடைய இடங்களில் ஈனியின் பக்கம் நிற்கிறது. ஈனியில் எப்பொழுது படிக்கப்படுகிறது என்பது நிரலிலேயே தெரியும். நுகர்வு முடிந்ததும் கோப்பை மூடவும் இடமுண்டு. நம் தீர்ப்பும் ஏறத்தாழ அதுவே. வர்க்கமூலத்தின் ஊகங்கள், பகா எண்கள், வட்ட விகிதத்தின் இலக்கங்கள் போன்று எப்பொழுது கணித்தாலும் மாறாதவற்றை நினைவில் வைக்கும் பொதிகளாக அமைக்கலாம். இருமுறை நடக்கலாம், பலர் பகிர்ந்துகொள்ளலாம், தன்னைக்கொண்டு தன்னை வரையறுக்கும் தொடர்களும் அவ்வாறே கைகூடும். சீறாப்புராணக் கோப்பைப் படிக்கும் வேலையை ஈனியிடம் ஒப்படைக்க வேண்டும். பத்தாவது ‘நபி’ கிட்டியதும் ஈனியை நிறுத்திக் கோப்பை மூடும் பொறுப்பு, தா என்று கேட்டவருடையது.